பெயர்ப்பலகையும் நகரவிதியும்

காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாடவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நகரில் அசைந்த கொடிகளை வகைவகையாக எடுத்துரைக்கின்றார். தெய்வத்தை வழிபடும் இடத்திற்கு ஒரு கொடி. கற்றறிந்தோர் வாதுக்கு அழைக்கும் இடத்திற்கு ஒரு கொடி. துறையில் நின்ற மரக்கலத்திற்கு ஒரு கொடி. கள் விற்கும் மனைக்கும் ஒரு கொடி. பட்டினப்பாலையைப் பாடமாகப் படிக்கும்போது இவற்றை வெறும் வருணனையென்று எண்ணிக் கடந்துவிடுகின்றோம். ஆயினும் ஒரு துறைமுக நகரத்தின் அன்றாடத் தேவை ஒன்று அங்கே பதிவாகியிருக்கின்றது. பல நாட்டாரும் பல மொழியாளரும் வந்து கூடுமிடத்தில் 'இங்கே இன்னது உண்டு' என்பதை எழுத்தறியாதவனும் தூரத்திலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும். அதனைக் கொடி செய்தது. இன்று நம் கடைத்தெருக்களிற் காணும் பெயர்ப்பலகை செய்வதும் அதே வேலைதான்.

ஆனால் ஒரு தெருவில் கடைகள் பெருகப் பெருகப் பலகைகளும் பெருகும். ஒருவன் பலகை பெரிதானால் அயலவன் பலகை அதனினும் பெரிதாகும். அப்போது நகரத்தை ஆள்வோர் குறுக்கிட்டு விதி செய்கின்றனர். காலம் மாற அவ்விதி பழுதாகின்றது, மீண்டும் திருத்துகின்றனர். சிறு விஷயம் போலத் தோன்றும் இவ்வரலாற்றில், தெரு யாருக்கு உரியது என்னும் பெரிய வினா அடங்கியுள்ளது. அதனைச் சில நகரங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே நமது நோக்கமாகும்.

தொங்கிய பலகைகள்

இலண்டன் மாநகரைப் பொறுத்தவரையில் முதலிற் பிரச்சினையானது தவறணையின் கம்பமாகும். மது விற்கும் வீட்டின் முன்னே நீண்ட கம்பமொன்றை நீட்டி அதன் நுனியில் இலைக்கொத்தைக் கட்டுவது அக்கால வழக்கம். போட்டியினாற் கம்பங்கள் நீண்டன. குதிரைமேற் செல்வோரின் தலையில் அவை தட்டின. அவற்றின் பாரத்தால் வீடுகளும் பழுதுற்றன. ஆகவே 1375ஆம் ஆண்டிலே, தெருவின் மேல் 7 அடிக்கு மேற்பட நீளும் கம்பத்திற்கு 40 பென்சு தண்டமென்று நகரத்தார் விதித்தனர். ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்பே அடிக்கணக்கில் அளவு குறித்துச் செய்யப்பட்ட விதி இது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1393ஆம் ஆண்டில் இரண்டாம் றிச்சார்ட் மன்னன் காலத்தில், விற்பதற்கென மது வடிப்போர் அடையாளப் பலகை ஒன்றைக் கட்டாயமாகத் தொங்கவிட வேண்டும் என்று சட்டமாயிற்று. மதுவைச் சுவைத்துத் தரம் பார்க்கும் உத்தியோகத்தர் எந்த வீட்டிற்குள் நுழைவதென்று அறியவேண்டுமல்லவா? ஒருபுறம் 'பலகையைக் குறுக்கு' என்றும், மறுபுறம் 'பலகையைத் தொங்கவிடு' என்றும் அரசு கூறியது. பலகை என்பது வணிகனுக்கு மாத்திரமன்றி அரசுக்கும் பயன்படும் பொருளென்பது இதனால் விளங்குகின்றது.

அக்காலத்தில் வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. 'கறுப்பு அன்னத்தின் அருகே', 'சிவப்புச் சிங்கத்தின் எதிரே' என்றுதான் விலாசம் சொன்னார்கள். மற்றைத் தொழிலாளரும் வணிகரும் தவறணைக்காரரைப் பின்பற்றிச் சித்திரப் பலகைகளைத் தொங்கவிட்டனர். முதலாம் சார்ல்ஸ் மன்னன் தெருவின் மேற் பலகை தொங்கவிடும் உரிமையை நகர மாந்தருக்குப் பட்டயத்தால் உறுதிப்படுத்தினான். பின்னர் 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மூண்ட பெருந்தீ 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் அழித்தது. நகரைப் புதிதாகக் கட்டும்போது, பலகைகள் தெருவின் குறுக்கே தொங்கலாகாது, சுவரோடு பொருந்தியிருக்க வேண்டும் என்று விதித்தனர். கல்லிற் செதுக்கிய அடையாளங்களைச் சிலர் சுவரிற் பதித்தனர். ஆயினும் விதி ஏட்டில் இருந்தது. பலகைகளோ சில காலத்துள் மீண்டும் தெருவின் மேல் ஆடத் தொடங்கின. விதி செய்வது எளிது, அதனைக் காப்பது அரிது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

அடிசனின் நையாண்டி

ஆங்கில இலக்கியம் கற்போர் ஜோசப் அடிசனை அறிவர். 1711ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் வெளிவந்த 'ஸ்பெக்டேற்றர்' இதழொன்றில் அவர் இப்பலகைகளையே பொருளாகக் கொண்டார். தெருவெங்கும் நீலப் பன்றியும் கறுப்பு அன்னமும் சிவப்புச் சிங்கமும் நிறைந்திருப்பதால், இவற்றை மேற்பார்வை செய்ய ஓர் உத்தியோகத்தர் வேண்டும் என்று ஒருவர் விண்ணப்பிப்பது போலக் கற்பனை செய்து எழுதினார். ஒன்றோடொன்று சேராத இரண்டு பொருள்கள் ஒரே பலகையில் ஏன் வந்தன என்பதற்கும் அவர் விளக்கம் கூறினார். புதிதாகக் கடை வைக்கும் இளைஞன் தன் அடையாளத்தோடு, தனக்குத் தொழில் பழக்கிய எசமானின் அடையாளத்தையும் சேர்த்துக்கொள்வானாம். குருவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நம்மவர்க்கும் புதிதன்று. சப்பாத்துக் கடைக்குச் சப்பாத்தும் சமையற் கடைக்குச் சமைத்த பண்டமும் அடையாளமாயிருத்தல் வேண்டும், மாறி நிற்றல் தகாது என்பதும் அவர் கட்சி.

அடிசன் சிரித்தாரேனும் தெருவில் நடந்தோர் சிரிக்கவில்லை. மரமும் இரும்புமாய்ச் செய்த கனத்த பலகைகள் காற்றடித்தாற் கிரீச்சிட்டன. மழையில் நீரைச் சொரிந்தன. ஒடுங்கிய தெருக்களில் வெளிச்சத்தையும் காற்றையும் மறித்தன. 1718ஆம் ஆண்டிலே பிளீற் தெருவை அடுத்த பிறைட் ஒழுங்கையில் ஒரு பலகை தன் பாரத்தால் வீட்டின் முகப்பையே இழுத்துக்கொண்டு வீழ்ந்தது. நால்வர் மாண்டனர். இவ்வாறு உயிர்ச்சேதம் நிகழ்ந்த பின்பும் விதி மாற நாற்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது.

விதியும் விளைவும்

முதலில் உறுதியாகச் செயற்பட்டது பாரிஸ் நகரமாகும். அங்கே கைகள் போலவும் சப்பாத்துகள் போலவும் செய்த பூதாகாரமான உருவங்கள் தெருவின் மேலே தொங்கின. ஒரு கையுறையின் ஒவ்வொரு விரலுக்குள்ளும் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை இருத்தலாம் என்று மெர்சியே என்னும் எழுத்தாளர் பின்னாளில் அவற்றை நினைவுகூர்ந்தார். நகரின் பொலிஸ் அதிபரான சார்த்தீன் 1761ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், தொங்கும் பலகைகள் யாவும் இறக்கப்பட்டுச் சுவரோடு பொருத்தப்பட வேண்டும். சுவரிலிருந்து 4 அங்குலத்திற்கு மேல் நீளலாகாது என்று கட்டளையிட்டார்.

அடுத்த ஆண்டே இலண்டனில் வெஸ்ற்மினிஸ்ரர் வீதிச் சட்டம் நிறைவேறிற்று. தெருவைக் கல்பாவிச் செப்பனிடும் ஆணையாளருக்கு, தொங்கும் பலகைகளை இறக்குவிக்கும் அதிகாரமும் அளிக்கப்பட்டது. பழைய நகரப் பகுதியும் விரைவில் அவ்வழியைப் பின்பற்றியது. அதே 1762ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் பொனெல் தோண்டன் என்பவர், ஓவியர் ஹோகாத்தின் துணையோடு, கடைப்பலகைச் சித்திரங்களுக்கென்றே ஒரு கண்காட்சியை நடத்தினார். உயர்ந்தோர் நடத்திய ஓவியக் கண்காட்சிகளைக் கேலி செய்வதே அவர் கருத்து. ஆனால் ஒரு கலை தெருவிலிருந்து விடைபெறும் வேளையிலேயே அதற்கு மண்டபத்தில் மரியாதை கிடைத்தது. ஆயத்தப் பலகைகள் எழுதி விற்ற ஹாப் சந்து ஓவியர்களின் பிழைப்பு நலிந்தது. இவர்களுக்கு மாற்றுத் தொழில் எதனையும் அச்சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை.

இதனினும் முக்கியமான விளைவு ஒன்றுண்டு. அன்னமும் சிங்கமும் இறங்கியபின் விலாசம் சொல்வது எங்ஙனம்? அதற்கு விடையாக வந்ததே வீட்டிலக்கம். 1708ஆம் ஆண்டிலேயே பிறெஸ்கொற் தெருவில் வீடுகளுக்கு இலக்கமிட்டிருந்தமை ஒரு புதுமையாகக் குறிக்கப்பட்டது. 1764ஆம் ஆண்டில் நியூ பேர்லிங்ரன் தெரு இலக்கம் பெற்றது. பின்னர் தெருத்தெருவாக அவ்வழக்கம் பரவிற்று. தபாற்காரனுக்கும் கணக்கனுக்கும் இது பெருநன்மை. ஆனால் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளிற் கையொப்பமிடத் தெரிந்தோர் ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் மூவரும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவருமே. படத்தைப் பார்த்துக் கடையைக் கண்டுபிடித்த கூலியாளும் வேலைக்காரியும் நாட்டுப்புறத்தாரும் எழுத்தின் முன்னே திகைத்து நின்றிருப்பர். தலையைக் காத்த விதி, எழுத்தறியாதோரின் வழியை மறைத்தது.

விதி பிழையென்று நாம் கூறவில்லை. நால்வரைக் கொன்ற பலகையைக் காத்துநிற்க யாரும் முன்வாரார். ஒன்றை அகற்றும்போது அது யாருக்கு என்ன வேலை செய்தது என்று கேட்டு, அதற்கு ஈடு செய்துவிட்டே அகற்ற வேண்டும் என்பதே நாம் கண்ட பாடம். தவறணைகளின் சித்திரப் பலகையும், முடிதிருத்துவோரின் சிவப்பு வெள்ளைக் கம்பமும், அடைவுகடையின் மூன்று பொற்குண்டுகளும் அந்நாட்டில் இன்றும் வழக்கில் உள்ளன. மக்கள் தமக்குப் பயன்படுவனவற்றை எளிதிற் கைவிடார்.

கண்ணைக் காத்த நகரம்

பதினெட்டாம் நூற்றாண்டின் விதிகள் தலையைக் காக்க எழுந்தவை. பின்னர் வந்தவை கண்ணைக் காக்க எழுந்தவை. அச்சியந்திரமும் மின்சாரமும் பலகையின் இயல்பையே மாற்றின. 1907ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் விளம்பரத் தட்டிகளைக் கட்டுப்படுத்த உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரமளித்தது. மூன்று ஆண்டுகளில், 1910இல், ஜோர்ஜ் குளோட் என்பவர் பாரிஸில் நியோன் விளக்கைக் காட்சிக்கு வைத்தார். விதி எழுதுவோர் நேற்றைய பலகையை நோக்கி எழுதுகின்றனர். வணிகரோ நாளைய பலகையைத் தேடுகின்றனர். எனவேதான் இவ்விதிகளை அடிக்கடி புதுக்க வேண்டியுள்ளது.

இவ்வகையில் நம் காலத்தில் மிகக் கடுமையான விதியைச் செய்த நகரம் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோவாகும். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த அப்பெருநகரத்தில், கில்பேர்ட்டோ கசாப் நகரபிதாவாக இருந்தபோது, 2006ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் 'தூய நகரச் சட்டம்' நிறைவேறிற்று. 2007ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. வெளியிடங்களில் நின்ற பெரும் விளம்பரத் தட்டிகள் முழுவதும் தடைசெய்யப்பட்டன. பஸ்களிலும் வாடகைக் கார்களிலும் விளம்பரம் கூடாதென்றாயிற்று. கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கோ முகப்பின் நீளத்தைக் கொண்டு அளவு வகுத்தனர். முகப்பு 10 மீற்றருக்குக் குறைந்தால் ஒன்றரைச் சதுர மீற்றர். 10 முதல் 100 மீற்றர் வரையெனின் 4 சதுர மீற்றர். அதற்கு மேற்படின் பத்துச் சதுர மீற்றர் கொண்ட இரு பலகைகள். விளம்பர நிறுவனங்கள் நீதிமன்றம் சென்று வாதாடியும் சட்டம் நிலைத்தது.

தட்டிகள் இறங்கியபின் நகரத்தார் இரண்டைக் கண்டனர். ஒன்று, மறந்துபோன பழைய கட்டடங்களின் அழகு. மற்றொன்று, தட்டிகளுக்குப் பின்னே மறைந்துகிடந்த ஏழைகளின் குடிசைகள். அழகுக்காகச் செய்த விதி அவலத்தையும் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. அதுவும் நன்மையே என்போம். காணாத குறையை யார் தீர்ப்பார்? பின்னர் பஸ் தரிப்பிடங்களிலும் தெருக் கடிகாரங்களிலும் அளவோடு விளம்பரம் செய்ய நகரம் இடமளித்தது. கடுமையான விதியும் காலத்தோடு நெகிழ்ந்தது.

பலகையின் சொல் யாருடையது?

அளவும் உயரமும் பற்றி விதி செய்வதில் அதிகம் வழக்கில்லை. பலகையில் என்ன எழுதலாம் என்பதிலேதான் பெருவழக்கு எழுகின்றது. இதற்கு இரு சான்றுகளைக் காட்டுவோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்திலே கில்பேட் என்பது ஒரு பட்டினம். சொந்தக் கட்டடமில்லாத சிறு கிறிஸ்தவ சபை ஒன்று, தன் ஞாயிறு வழிபாடு நிகழுமிடத்தை அறிவிக்கச் சிறு பலகைகளை நாட்டி வந்தது. பட்டினத்து விதியோ பலகைகளை அவற்றின் பொருளைக் கொண்டு தரம் பிரித்திருந்தது. கொள்கை கூறும் பலகை 20 சதுர அடி வரை இருக்கலாம். அதற்குக் காலவரையறை இல்லை. கூட்டத்திற்கு வழிகாட்டும் பலகை 6 சதுர அடிக்கு மேற்படலாகாது. கூட்டத்திற்கு 12 மணி நேரத்திற்கு முன்னன்றி நாட்டலாகாது. முடிந்து ஒரு மணி நேரத்துள் அகற்றப்பட வேண்டும். சபையார் வழக்காடினர். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமுகமாகச் சபைக்குச் சார்பாகத் தீர்த்தனர். பலகை கூறும் செய்தியைக் கொண்டு ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துவது பேச்சுச் சுதந்திரத்திற்கு மாறானது என்பதே தீர்ப்பின் சாரம். இதன் பயனாய் அந்நாட்டின் பல நகரங்கள் தத்தம் பலகை விதிகளை எடுத்துப் புதுக்கி எழுதின. 2022ஆம் ஆண்டில் ஒஸ்ரின் நகர வழக்கில், கடை இருக்குமிடத்துப் பலகைக்கும் வேறிடத்து விளம்பரத்திற்கும் வேறுபாடு காட்டலாம் என்று அதே நீதிமன்றம் 6க்கு 3 என்னும் பெரும்பான்மையால் தெளிவுபடுத்தியது. இடத்தைக் கொண்டு பிரிக்கலாம். கருத்தைக் கொண்டு பிரிக்கலாகாது என்பது இவற்றின் திரண்ட பொருள்.

மற்றைய சான்று மொழி பற்றியது. நம்மவர் பலர் குடியேறி வாழும் மொன்றியல் நகரைச் சார்ந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்திற் பெரும்பான்மையினர் பிரெஞ்சு மொழியினர். ஆயினும் கண்டம் முழுவதையும் நோக்குமிடத்து அவர்கள் சிறுபான்மையினரே. தம் மொழி தேய்ந்துவிடுமென்று அஞ்சி, 1977ஆம் ஆண்டிற் கடைப்பலகைகள் பிரெஞ்சு மொழியில் மாத்திரமே இருத்தல் வேண்டும் என்று சட்டம் இயற்றினர். கம்பளி நூல் விற்ற பெண் வணிகர் ஒருவர், தம் பலகையிற் பிரெஞ்சோடு ஆங்கிலத்திலும் 'கம்பளி' என்று எழுதியமை வழக்காயிற்று. 1988ஆம் ஆண்டு டிசெம்பரில் உயர் நீதிமன்றம் நுட்பமான தீர்ப்பொன்றை வழங்கியது. பிரெஞ்சு மேலோங்கித் தோன்ற வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவது தகும். பிற மொழிகளை அடியோடு விலக்குவது தகாது என்றது.

மாகாண அரசு உடனே சிறப்பதிகாரத்தைக் கையாண்டு, கடையின் வெளிப்புறத்திற்குப் பிரெஞ்சு மாத்திரமே என்ற விதியை நிலைநிறுத்தியது. 1993ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அதனைக் கருத்து வெளியீட்டுரிமைக்கு மாறானதெனக் கண்டது. அதே ஆண்டிற் சட்டம் திருத்தப்பட்டு, பிரெஞ்சு மேலோங்கியிருப்பின் ஏனைய மொழிகளும் இடம்பெறலாம் என்றாயிற்று. 2022ஆம் ஆண்டின் சட்டத்தால் இவ்விதிகள் மீண்டும் இறுக்கப்பட்டன. வெளிப்புறப் பலகைகளிற் பிரெஞ்சு ஏனைய மொழிக்கு இருமடங்கு இடம் பெறவேண்டும் என்னும் விதி 2025ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது.

தன் மொழியைக் காக்க விழையும் மக்களின் ஏக்கத்தை நம்மைப்போல் உணரக்கூடியவர் யார்? அதேபோல், தன் மொழி பலகையினின்று அழிக்கப்படுவதைக் காணும் சிறுபான்மையினனின் நோவையும் நாம் அறிவோம். இரண்டையும் அறிந்தவர்களாதலால் நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. தன் மொழிக்கு இடம் கேட்பது நீதி. பிறன் மொழியைத் துடைப்பது அநீதி. இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பதே நல்ல நகரவிதியின் வேலை.

நாம் எண்ணவேண்டியவை

இவ்வரலாற்றினின்று சில முடிபுகளை எடுத்துக் கூறலாம். முதலாவது, தெரு எல்லோர்க்கும் பொது. அங்கே நடப்போரின் உயிருக்குப் பங்கம் செய்யும் பலகைக்கு இடமில்லை. இரண்டாவது, பெரிய கடைக்கும் சிறிய கடைக்கும் ஒரே முறையான அளவு வேண்டும். இல்லையேற் பணமுள்ளவனின் பலகை ஏழை வணிகனின் பலகையை மறைக்கும். மூன்றாவது, விதி அளவையும் இடத்தையும் வெளிச்சத்தையும் பற்றிப் பேசலாம். சொல்லப்படும் கருத்தைத் தரம் பிரித்தல் ஆகாது. நான்காவது, புதிய விதி வரும்போது பழைய பலகையை மாற்றப் போதிய தவணையும், அதனால் நலிவோர்க்கு ஒரு வழியும் வேண்டும். ஐந்தாவது, வாசிப்போன் யாரென்று எண்ணிப் பார்த்தே பலகை எழுதப்பட வேண்டும்.

நம் நாட்டில் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் உபவிதிகள் செய்யும் அதிகாரத்தை மாநகரசபைகளுக்கு அளித்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எழுதப்பட்டதும் எழுத்துப் பிழையின்றிப் பலகையில் ஏறியதும் ஒன்றல்ல என்பதை, பொது இடங்களிற் சிதைந்த தமிழோடு தொங்கும் பலகைகளைக் கண்ட எவரும் அறிவர். இதற்கு அதிகாரிகளை மாத்திரம் நோவதால் வருவது ஒன்றுமில்லை. நம் சொந்தக் கடைப்பலகைகளிலே தமிழ் எவ்வாறிருக்கின்றது? பிழையற்றதா? வயது முதிர்ந்தோர் கண்ணுக்கும் தெரியும் அளவினதா? அயலவன் மொழிக்கும் அதில் ஒரு மூலை உண்டா? இவ்வினாக்களுக்கு விடையிறுக்க எந்தச் சபையின் உத்தரவும் நமக்கு வேண்டியதில்லை.

நகரசபை மண்டபத்தில் நாளை அமரப்போவோர் இன்று இளைஞர் சங்கங்களில் இருப்போரே. சந்தையிற் கடை நடத்தும் மூத்தோர் பலரும் நம் சங்கத்துப் பெரியோரே. ஆதலால் இவ்விடயத்தில் விதி செய்யப்போவோரும் விதிக்கு அமையப்போவோரும் ஒரே விறாந்தையிற் கூடியிருக்கின்றோம். இலண்டனில் நால்வர் இறந்தபின்னும் நாற்பதாண்டுகள் கடந்தன. அத்தகைய தாமதம் நமக்கு நேராதிருக்க வேண்டுமாயின், முதலில் நம் தெருவை நாமே நிமிர்ந்து பார்க்கப் பழகுவோமாக.